கம்பத்துத் தேவதையும் முத்தமிழ்ப் பேரவையும்

அப்பாவு பச்சை அடிக்கிற ஆள். ஒரகடம் ரோட்டில் இருந்த பம்பு கம்பெனியில் பெயிண்ட் செக்‌ஷன். எந்த அளவு பம்பு வந்தாலும் அதற்கு ஒரே பச்சைதான். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஷிப்டு முழுக்க அடிப்பான். முகூர்த்த நாளில் லீவு சொல்லிவிட்டு, சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, ரகுபதியின் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பான். இரண்டு வேலையைப் பற்றியும் அவனுக்குப் புகார் கிடையாது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவன் புத்தகம் எதையும் திறந்ததில்லை. அதனால், ஒரு புத்தகத்துக்குள் தான் இருப்பது அவனுக்குத் தெரியவில்லை.

அந்தப் புத்தகத்தை எழுதியவள் ஷாரோன். அதே கம்பெனியில் டைம் ஆபீசில் டைப்பிஸ்ட். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை. இன்னும் நிரந்தரம் செய்யப்படவில்லை. பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் எழுதிய நாவலுக்கு 'கம்பிமேல் தேவதைகள்' என்று பெயர் வைத்திருந்தாள். பட்டணத்து மின்கம்பிகளின் மேல் தேவதைகள் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஆகாரம் இசை. பாரிமுனையிலும் பூந்தமல்லியிலும் ஹாரன் சத்தத்தைத் தின்று வயிற்று வலி வந்து, கம்பி வழியாகவே நகர்ந்து நகர்ந்து பெங்களூர் ரோட்டில் ஸ்ரீபெரும்புதூர்வரை வந்துவிடுகிறார்கள். அங்கே ஒரு கல்யாண ஊர்வலம். அதில் கிளாரினெட் வாசிக்கிறவனின் வாசிப்பில் மயங்கி, பனிமொழி என்ற தேவதை கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். இருங்காட்டுக்கோட்டையில் வாடகைக்கு ரூம் எடுத்து அவனோடு குடித்தனம் நடத்துகிறாள். கடைசியில் அவனையும் கம்பிக்கு அழைத்துக்கொண்டு போய்விடுகிறாள்.

இது வெளிவந்தபோது யாரும் கவலைப்படவில்லை. தை மாதம் மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்று இதைப் பற்றி அரைப்பக்கம் புகழ்ந்து எழுதி, ஷாரோனின் படத்தையும் போட்டது. அன்று காலை முத்தமிழ்ப் பேரவைத் தலைவர் தமிழ்வாணன் இட்லி சாப்பிடவில்லை.

தொழிலக முத்தமிழ்ப் பேரவை, ஸ்ரீபெரும்புதூர் வட்டம் என்பது முழுப்பெயர். கம்பெனிகளில் வேலை செய்யும் எழுத்தாளர்கள் அதில் கூடி, ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்வார்கள். தமிழ்வாணன் பம்பு கம்பெனியில் பர்சனல் ஆபீசர். 'பன்னூற் செம்மல்' என்ற பட்டம் அவருக்கு உண்டு. அவர் தலைமை தாங்கிய கூட்டத்தில் அவருக்குத் தெரியாமல் அவரே முன்மொழிந்து கொடுக்கப்பட்டது. அவருடைய நூல்கள் எல்லாம் அவர் வீட்டிலேயே பத்திரமாக இருந்தன. மேடை இல்லாத இடங்களில் அந்தக் கட்டுகளை அடுக்கி, மேலே ஜமக்காளம் விரித்துவிடுவார்கள். தலைவர் தம் படைப்புகளின் மேல் நின்று பேசுவார். அவருடைய எந்த நூலுக்கும் எந்தப் பத்திரிகையும் கால்பக்கம் ஒதுக்கியதில்லை.

அந்த ஜனவரிக் கடைசியில் மாநில ஆட்சியே கலைக்கப்பட்டது. பேரவை கலையவில்லை. அவசரமாகக் கூடி, கம்பிமேல் தேவதைகளை ஆராய்வது என்று முடிவு செய்தது.

முதல் வேலையாக ஷாரோனுக்கு மெமோ போயிற்று. கற்பனை செய்தது பணி நேரத்திலா, ஓய்வு நேரத்திலா என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அவள் பஸ்ஸில் என்று எழுதிக் கொடுத்தாள். அது கம்பெனி பஸ் என்பதால் பணி நேரமாகவே கருதப்படும் என்று பதில் வந்தது.

அப்பாவுவைக் கண்டுபிடித்தவர் செயலாளர் வசந்தகுமார். கம்பெனியில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். நாவலில் கிளாரினெட்காரனின் நகக்கண்ணில் பச்சை பெயிண்ட் இருக்கிறது என்று ஒரு வரி வருகிறது. இடது காது மடலில் சின்ன வெட்டு என்று இன்னொரு வரி. காதை விட்டுவிட்டார். பச்சையில் நின்றார்.

"இது நம் கம்பெனிப் பச்சை, தலைவரே" என்றார். "என் கையெழுத்து இல்லாமல் ஒரு சொட்டு வெளியே போக முடியாது. நாவலுக்குள் எப்படிப் போயிற்று?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வல்லத்துக்கு, அப்பாவு வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பாவு கைலியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு நாற்காலி போட்டான். அவன் மனைவி கிளியம்மாள் டீ கொண்டுவந்தாள்.

"அப்பாவு, நீங்கள் இலக்கியமாகிவிட்டீர்கள்" என்றார் வசந்தகுமார்.

"எந்தத் தேதி சார்?" என்றான் அப்பாவு. "மாசியில நெறய முகூர்த்தம் கீது. ரகுபதியாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கணும்."

"கல்யாணம் இல்லை. ஒரு நாவலில் உங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். உங்கள் இசையில் மயங்கி ஒரு தேவதை இறங்கி வந்து உங்களோடு குடும்பம் நடத்துகிறாள்."

அப்பாவுக்கு இதில் தான் செய்ய வேண்டியது என்ன என்று புரியவில்லை. மரியாதைக்குத் தலையை ஆட்டினான். ஆட்டியிருக்கக் கூடாது. கிளியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு சார் அந்தப் பொம்பள?" என்றாள் அவள்.

"பொம்பளை இல்லையம்மா. தேவதை."

"இன்னாவா இருந்தா இன்னா. பேரு கீதுல்ல?"

"பனிமொழி."

கிளியம்மாள் அந்தப் பெயரைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "அந்தப் பொஸ்தகத்தக் குடுத்துட்டுப் போங்க சார்" என்றாள்.

அவள் எட்டாவது வரை படித்தவள். எழுத்தெழுத்தாகத்தான் படிப்பாள், ஆனால் ஒன்றையும் விடமாட்டாள். அடுப்பில் சோறு குழைந்தது. இரண்டாம் நாள் அப்பாவு ஷிப்டு முடிந்து வந்தபோது வாசலிலேயே மறித்தாள்.

"உன் சட்டையத் தொவச்சிருக்கா."

"யாரு?"

"அவதான். சோப்பு போடாமயே தொவச்சாளாம். மல்லிப்பூ வாசன வந்திச்சாம்."

"என் சட்டைய நீதான தொவைக்கற?"

"அதான் நானும் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குத் தட்டில் சோறு இருந்தது, பேச்சு இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அப்பாவு கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தான். எதற்கு என்று சாமியிடம் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தான்.

முதல் அமர்வு, ஸ்ரீபெரும்புதூரில் கல்யாணம் இல்லாத ஒரு மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. ரசத்தின் மணம் இன்னும் போகவில்லை. அழைப்பிதழில் தலைவர் பெயர் பெரிதாகவும், செயலாளர் பெயர் அதைவிடச் சற்றுச் சிறிதாகவும், நாவலின் பெயர் இடமில்லாததால் விடுபட்டும் அச்சாகியிருந்தது. ஷாரோன் கடைசி வரிசையில் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவுவை முன்வரிசையில் உட்கார வைத்து, சட்டையில் 'சான்று' என்று எழுதிய அட்டையைக் குத்தினார்கள்.

பேரவையில் ஒரு மரபு உண்டு. எந்த நூலைப் பற்றியும் ஒரே கருத்து வந்துவிடக் கூடாது. பாதிப் பேர் குறை சொல்ல வேண்டும், பாதிப் பேர் நிறை சொல்ல வேண்டும். ஆனால் இந்த முறை நிறை சொல்ல வந்தவர்களாலும் நிறை சொல்ல முடியவில்லை. மெட்ராஸ் பத்திரிகையின் அந்த அரைப்பக்கம் எல்லோர் கண்ணிலும் நின்றது.

முதலில் வசந்தகுமார் நிறை சொன்னார்.

"ஒரே மூச்சில் படித்துவிட்டேன். இதுவே இந்நூலின் பெருங்குறை. நல்ல நாவல் என்றால் என்னால் பாதிக்கு மேல் போக முடிந்ததே இல்லை. நம் தலைவரின் 'செங்கோட்டுச் சிலம்பொலி'யில் நான் இன்னும் முன்னுரையில்தான் இருக்கிறேன். அதுதான் ஆழம்."

தலைவர் புன்னகை செய்தார். பிறகு யோசித்துப் பார்த்து, புன்னகையை நிறுத்திக்கொண்டார்.

அடுத்து ஒருவர், தேவதைகளே கிடையாது, இது மூடநம்பிக்கை என்றார். அவருக்குப் பின்னால் வந்தவர், தேவதைகள் உண்டு, ஆனால் தரமான தேவதைகள் மயிலாப்பூரைத் தாண்டி வரமாட்டார்கள் என்றார். மூன்றாமவர், வந்தாலும் பேண்டு செட்டுக்கு மயங்கமாட்டார்கள், குறைந்தபட்சம் நாதஸ்வரமாவது வேண்டும் என்றார். எழுதியவளுக்கு வயது போதாது என்று ஒருவரும், இந்த வயதில் இவ்வளவு எழுதியது சந்தேகத்துக்குரியது என்று இன்னொருவரும் சொன்னார்கள். இரண்டுக்கும் கைதட்டினார்கள்.

தமிழ்வாணன் எழுந்தார்.

"இந்நாவலைப் படித்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. உறக்கத்தைக் கெடுக்கும் எழுத்து, தொழில் வளர்ச்சிக்குக் கேடு. என் நூல்களைப் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அனைவரும் நன்றாக உறங்கியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெண்ணின் மேல் பொறாமை என்று சிலர் பேசுவதாகக் கேள்வி. அரைப்பக்கத்துக்கா நான் பொறாமைப்படுவேன்? படத்தையும் சேர்த்தால்கூட முக்கால் பக்கம் வராது. அளந்து பார்த்தேன்."

பிறகு அவர் அப்பாவு பக்கம் திரும்பினார்.

"ஐயா, உமக்கும் தேவதைக்கும் தொடர்பு உண்டா?"

அப்பாவு எழுந்து நின்றான். கேள்வி கேட்கிறவர் பர்சனல் ஆபீசர். "சார், நான் பெயிண்ட் செக்‌ஷன்" என்றான்.

"அப்படியானால் இந்தப் பெண் உமது பெயரைக் கெடுத்திருக்கிறாள். இந்தப் புகாரில் ஒரு கையெழுத்துப் போடும். மற்றதை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்."

மற்றது என்றால் என்ன என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஷாரோனின் வேலை. அப்பாவு காகிதத்தையும் பார்த்தான், கடைசி வரிசையில் இருந்த அந்தப் பெண்ணையும் பார்த்தான். அவளைக் கெட்டவள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவள் எழுதியதில் தன் வாசிப்பைக் கேட்டு யாரோ கீழே இறங்கி வந்திருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளை வீட்டார்கூட அவன் வாசிப்பை அப்படிக் கேட்டதில்லை.

"வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடறேன் சார்" என்றான்.

"வீட்டில் என்ன கேட்பது?"

"வூட்ல பேசறதில்ல சார் இப்ப. பேசினதும் கேக்கறேன்."

அந்த நேரத்தில் பின்னாலிருந்து பேண்டு செட் முதலாளி ரகுபதி எழுந்தார். டிரம்பெட் வாசிப்பவர். அழைக்காமலே வந்திருந்தார். கோட்டுகூட மாட்டியிருந்தார்.

"தலைவரே, ஒரு நியாயம் கேக்கறேன்" என்றார். "எல்லா ஊர்வலத்துலயும் முன்னால போறது நானு. டிரம்பெட்டு. கிளாரினெட்டு சத்தம் மூணு வூடு தாண்டாது. கம்பி மேல குந்திகினு கீறவளுக்கு இவன் சத்தம் எப்டி கேட்டிருக்கும்? கேட்டா என்னுதுதான் கேட்டிருக்கும். அந்தப் பொண்ணு ஆள மாத்தி எழுதிடுச்சி. அடுத்த பதிப்புல என் பேர போடச் சொல்லுங்க."

இது புதுச் சிக்கல். பேரவை தனியே கூடி ஆலோசித்தது. ஸ்ரீபெரும்புதூர் ஓரத்தில், நாவலில் சொல்லப்பட்ட அதே மின்கம்பத்தின் கீழே அப்பாவுவை வாசிக்க வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. தேவதை வராவிட்டால் நாவல் பொய். இல்லாததை எழுதியதற்காக ஷாரோன் மேல் நடவடிக்கை; அதற்கான மெமோவைத் தலைவர் அன்றே எழுதிவிட்டார். வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். விதிகளில் இடமில்லாததால் அந்தக் கேள்வி நிராகரிக்கப்பட்டது.

மின்வாரிய அலுவலகத்துக்கு முறைப்படி மனு கொடுத்தார்கள். தேவதைக்கு ஷாக் அடித்தால் வாரியம் பொறுப்பல்ல என்று பதில் வந்தது.

மாசி மாதத்து ஞாயிறு, சாயங்காலம். வயலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் அந்தக் கம்பம் நின்றது. எதிரே டீக்கடை. சேதி பரவி, ஷிப்டு விட்ட பஸ்கள்கூட ஓரம் கட்டி நின்றன. வளைகுடாவில் நடந்த போரால் பெட்ரோலுக்கு வரிசை நின்ற நாட்கள் அவை. அப்படியும் ஜனங்கள் மோபெட்டில் வந்து இறங்கினார்கள்.

பேரவைக்காரர்கள் வந்ததைப் பார்த்து அப்பாவு திகைத்தான். தேவதையே கிடையாது என்று சொன்னவர் பட்டு வேட்டியில் வந்திருந்தார். மயிலாப்பூரைத் தாண்டமாட்டார்கள் என்றவர் அத்தர் பூசியிருந்தார். வசந்தகுமார் புதுச் சட்டை. தலைவரின் தலைமுடி முந்தாநாள் வரை நரைத்திருந்தது, இன்று கறுத்திருந்தது. டெம்போவில் அவருடைய நூல்கட்டுகள் வந்து இறங்கின. கம்பத்தடியில் அவற்றை வழக்கத்தைவிட உயரமாக அடுக்கினார்கள். தலைவர் அதன் மேல் ஏறி நின்று, கம்பிக்கும் தமக்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்தார்.

கிளியம்மாளும் வந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பத்திலிருந்து இறங்குகிறவள் எந்தப் பக்கம் இறங்கினாலும் எட்டுகிற மாதிரியான இடமாகப் பார்த்து நின்றாள்.

தலைமையுரை நீண்டது. வெயில் இறங்கியது. ஒருவழியாக அப்பாவுவை வாசிக்கச் சொன்னார்கள். அவன் கிளாரினெட்டை வாயில் வைத்தான். கீச்சென்று ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டது. உதடு காய்ந்து போயிருந்தது. கூட்டத்தில் சிரித்தார்கள். ரகுபதி எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தார்.

கிளியம்மாள் நேரே டீக்கடைக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிவந்து நீட்டினாள். "குடிச்சிட்டு வாசி" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் அவனோடு பேசிய வார்த்தை அதுதான்.

அவன் குடித்தான். பிறகு வாசித்தான்.

ஊர்வலம் கோயில் தெருவுக்குள் திரும்பும்போது, பட்டாசெல்லாம் ஓய்ந்த பிறகு வாசிக்கிற மெதுவான ஒன்று. பேண்டு செட்டுக்கு அது ஓய்வு நேரம். டிரம்பெட்காரர் பீடி பற்றவைக்கப் போவார், டிரம் அடிக்கிறவர் வாரைச் சரிசெய்வார், அப்பாவு மட்டும் தனியாக வாசித்துக்கொண்டு நடப்பான். யாரும் கேட்பதில்லை என்பதால் அவன் அதைத் தன் இஷ்டத்துக்கு நீட்டியும் வளைத்தும் வாசித்துப் பழகியிருந்தான். இன்றைக்கும் அப்படியே வாசித்தான். பஸ் டிரைவர் ஒருவர் இன்ஜினை நிறுத்தினார். கிளாரினெட் சத்தம் வயல் மேல் போய்த் திரும்பி வந்தது.

கிளியம்மாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவன் வாசித்துக் கேட்டதில்லை. வீட்டில் வாசித்தால் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருவார்கள். ஊர்வலங்களுக்கு அவளை யாரும் கூட்டிப் போனதில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தவள் எப்போது கீழே பார்க்க ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பொறுக்க முடியாமல் ரகுபதி தன் டிரம்பெட்டை எடுத்து ஊதினார். கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. கம்பி ஆடியது. அதன் பின்னால் சூரியன் இருந்தது.

"அதோ" என்றார் வசந்தகுமார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "வெள்ளைப் புடவை" என்றார் அவர், மெதுவாக. "ஓரம்தான் தெரிந்தது. ஆனால் பார்த்தேன்."

தலைவர் நூல்கட்டின் மேல் அசையாமல் நின்றார். பேரவையின் வரலாற்றில், தலைவருக்குக் கிடைக்காத எதுவும் செயலாளருக்குக் கிடைத்ததில்லை. பொன்னாடைகூட நீளத்தில் ஒரு சாண் குறைத்துத்தான் வாங்குவார்கள்.

"ஒன்றா?" என்றார் தலைவர்.

"ஒன்றுதான் தலைவரே."

"நான் இரண்டு பார்த்தேன்."

அதற்கப்புறம் தடையில்லை. பட்டு வேட்டிக்காரருக்குக் கொலுசுச் சத்தம் கேட்டிருந்தது. அத்தர் பூசியவர், வந்தவர்கள் மயிலாப்பூர்க்காரர்கள்தான் என்று முகத்தைப் பார்த்தே சொன்னார். "ஒண்ணு என்னையே பாத்துகினு இருந்திச்சி" என்றார் ரகுபதி. "கண்ணடிச்சாப்பலகூட இருந்திச்சி." டீக்கடைக்காரர் தினமும்தான் பார்ப்பதாகவும், சொன்னால் யார் நம்புவார்கள் என்று சொல்லாமல் இருந்ததாகவும் சொன்னார்.

"எழுதியவரே, நீர் பார்த்தீரா?" என்று தலைவர் ஷாரோனைக் கேட்டார்.

டீக்கடை பெஞ்சில் இருந்த அவள் எழுந்து நின்றாள். "இல்ல சார். காக்காதான் பாத்தேன்."

"வாசித்தவரே, நீர்?"

"நான் கண்ண மூடிகினு வாசிச்சேன் சார்" என்றான் அப்பாவு.

"அம்மா, நீங்கள்?"

"நான் இவரத்தான் பாத்துகினு இருந்தேன்" என்றாள் கிளியம்மாள்.

தலைவர் அன்றைய நிறைவுரையை அங்கேயே ஆற்றினார். "இன்று உண்மை வெளிப்பட்டது. தேவதைகள் உண்டு. ஆனால் தேவதைகளைப் பற்றி எழுதியவருக்கு அவர்களைப் பார்க்கும் தகுதி இல்லை. இது அனுபவம் இல்லாத எழுத்து. அவர்கள் இறங்கி வந்தது கிளாரினெட்டுக்கு அல்ல; என் தலைமையுரை முடிந்த சற்று நேரத்தில்தான் வந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இரண்டு தேவதைகளையும் பற்றி நான் மூன்று பாகங்களில் எழுதவிருக்கிறேன். ஒன்றை மட்டும் பார்த்தவர்கள் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்." வசந்தகுமார் கைதட்டவில்லை. அவர் மனதுக்குள் முதல் அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, ஷாரோன் மேல் போட்ட மெமோவோடு சேர்ந்து, கம்பெனியின் ஜெனரல் மேனேஜர் மேஜைக்குப் போயிற்று. அவர் இலக்கியம் அறியாதவர். ஒரு காகிதத்தில் பர்சனல் ஆபீசர், இல்லாத ஒன்றை எழுதியதற்காகத் தட்டச்சரை நீக்கலாம் என்று பரிந்துரைத்திருந்தார். இன்னொரு காகிதத்தில் அதே பர்சனல் ஆபீசர், அந்த இல்லாததில் இரண்டைக் கண்ணால் பார்த்ததாகக் கையெழுத்திட்டிருந்தார். ஜெனரல் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, எதை வாபஸ் வாங்குகிறீர்கள் என்று கேட்டார்.

தமிழ்வாணன் ஒரு நாள் அவகாசம் கேட்டார். அது அவருக்கு மிகவும் கஷ்டமான நாள். தேவதைகளை வாபஸ் வாங்கினால், வசந்தகுமாரின் ஒரு தேவதை மட்டும் நிற்கும். மறுநாள் மெமோவை வாபஸ் வாங்கினார். பங்குனியில் ஷாரோனை நிரந்தரம் செய்தார்கள்.

அந்த வாரமே அவள் வல்லத்துக்கு வந்தாள். கையில் ஒரு பாக்கெட் பிஸ்கெட். அப்பாவு ஷிப்டுக்குப் போயிருந்தான். கிளியம்மாள் அவளை உட்காரச் சொல்லாமல் ஏற இறங்கப் பார்த்தாள்.

"அக்கா, மன்னிச்சிக்குங்க" என்றாள் ஷாரோன். "அவரு நம்ம கம்பெனின்னே எனக்குத் தெரியாது. மூஞ்சில துணி கட்டினா யாருன்னு தெரியல. எங்க அண்ணன் கல்யாணத்துல வாசிச்சாரு. அப்பப் பாத்ததுதான். என்னால உங்களுக்குள்ள சண்ட வந்துடுச்சி."

"சண்ட இல்ல" என்றாள் கிளியம்மாள். பிஸ்கெட் பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள். பிறகு, "கத நல்லாத்தான் எழுதிக்கீற. அந்தக் கம்பிலேர்ந்து கால தொங்கப் போட்டுக்கினு குந்தியிருப்பாளே, அது ஷோக்கா இருந்திச்சி. கடசிதான் புடிக்கல. ஒண்ணு கேக்கணும் உன்ன."

"கேளுங்கக்கா."

"அவனுக்குக் காது வெட்டு கீதுன்னு எழுதின. நகத்துல பெயிண்டு கீதுன்னு எழுதின. பொண்டாட்டி கீறான்னு மட்டும் ஏன் எழுதல? படிச்சிகினே போறேன், எங்கயாவது வருவேன், வருவேன்னு. கடசிவர வரவேல்ல. அவ வந்து சட்டையெல்லாம் தொவச்சிட்டா. அப்ப நான் யாரு?"

ஷாரோன் தலையைக் குனிந்துகொண்டாள். பேரவையின் எல்லா அமர்வுகளிலும் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி இது. "நான் உங்களப் பாக்கலியேக்கா" என்றாள். "ஊர்வலத்துல அவரு தனியாத்தான் வாசிச்சிகினு போனாரு. கூட யாருமே இல்ல. பாக்க அப்டி இருந்திச்சி. அதான் ஒருத்தி இறங்கி வரட்டும்னு எழுதிட்டேன்."

கிளியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிஸ்கெட்டைப் பிரித்து, பாதியை அவளிடமே கொடுத்தாள். ஷாரோன் போன பிறகும் வெகுநேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த முகூர்த்தம் ஸ்ரீபெரும்புதூரிலேயே வந்தது. சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. ரகுபதியின் செட் கோட்டு மாட்டிக்கொண்டு தயாரானபோது, கிளியம்மாள் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள். கல்யாண வீட்டாருக்கு அவள் யாரென்று தெரியாது. ரகுபதிக்குத் தெரியும், அவருக்குப் பிடிக்கவில்லை. கம்பத்துச் சம்பவத்துக்குப் பிறகு அவர் எல்லா ஊர்வலங்களிலும் மேலே பார்த்துக்கொண்டே ஊதி, இரண்டு தடவை சாக்கடையில் கால் வைத்திருந்தார்.

"நீ எதுக்கும்மா இங்க?" என்றார்.

"சொம்மா" என்றாள்.

ஊர்வலம் கிளம்பியது. பட்டாசு வெடித்தது. ஆடுகிற பையன்கள் ஆடி ஓய்ந்தார்கள். கோயில் தெருவுக்குள் திரும்பியதும் ரகுபதி பீடி பற்றவைக்க ஓரமாக ஒதுங்கினார். அப்பாவு தனியாக வாசிக்க ஆரம்பித்தான். இரண்டு பக்கத்து மாடிகளிலும் பெண்கள் வந்து நின்று கீழே எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது மாப்பிள்ளையைத்தான். கிளியம்மாளுக்கு அது தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு மாடியாக நிமிர்ந்து, ஒவ்வொருத்தியையும் பார்த்தாள். சிலர் உள்ளே போய்விட்டார்கள்.

பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில், அவன் நடைக்குத் தன் நடையைச் சேர்த்துக்கொண்டாள். அவன் கண்ணை மூடியிருந்தான்.

"யோவ்" என்றாள். "கண்ணத் தொறந்துகினு வாசி."

அவன் திறந்தான்.